பேஸ் கிடார் வாசிக்க ஆள் தேவை

ஓட்டல் வாசலில் சிலேட்டுப் பலகை தொங்கும்: ‘சப்ளையர் தேவை. பரோட்டா மாஸ்டர் தேவை.’ படிக்கிறவருக்கு ஒரு சந்தேகமும் வராது. வேலை என்ன, யாரைப் பார்ப்பது, எல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்திலேயே தெரிந்துவிடும். சம்பளம் கிடையாது, மேடை எப்போதாவதுதான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் போய்விடும், பெட்ரோல் சொந்தச் செலவு என்கிற ஒரு வேலைக்கு ‘ஆள் தேவை’ என்று எப்படி எழுதுவது? பொழுதுபோக்குக்காக இசைக்குழு வைத்திருக்கிறவர்கள் அவ்வப்போது மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது.

சென்னையில் அப்படி ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடிப்பாக்கத்தில் மொட்டைமாடியில் ஒரு அறை. சுவரெங்கும் முட்டை அட்டை. சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொன்னதை நம்பி ஒட்டியது. உள்ளே எதிரொலி கொஞ்சம் அடங்கியதே தவிர, கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு அடிகூடத் தப்பவில்லை. கீபோர்டுக்காரர் வங்கி மேலாளர். டிரம்ஸ் அடிப்பவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கிடார் வாசிக்கும் இளைஞன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பாடகி பள்ளிக்கூட ஆசிரியை. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் புணேவுக்கு மாற்றலாகிவிட்டது. வழியனுப்பி வைத்த மறு ஞாயிறு நால்வரும் கூடி வழக்கமான பாட்டை எடுத்தார்கள். யாரும் தப்பாக வாசிக்கவில்லை. ஆனாலும் நாற்காலியின் ஒரு கால் குட்டையாகிவிட்டது மாதிரி பாட்டு ஆடியது.

பேஸ் கிடார் அப்படிப்பட்ட கருவி. நான்கு கம்பி, கிடாருக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதன் மிகத் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அதனால் பாட்டைக் கைபேசியிலேயே கேட்டு வளர்ந்தவருக்குப் பாதி பேஸ் காதில் விழுந்தே இருக்காது. ரிகர்சல் அறையில் அதைக் காதைவிட முன்னால் உடம்பு கேட்கிறது. ஆம்ப் மேல் வைத்த டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும். ஜன்னல் கண்ணாடி முனகும். கடையில் முதல் கருவி வாங்கப் போகிற பையன் கிடாரைத்தான் கேட்பான். அதனால் கிடார்காரர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள், பேஸ்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இளையராஜா பாட்டுகளை வாசிக்கிற குழுவுக்கு இந்தக் குறை இன்னும் பெரிது. அவருடைய பேஸ் பல பாட்டுகளில் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். அதை எடுத்துவிட்டால் கச்சேரியில் வயலின்காரர் வராத மாதிரிதான்.

ஆகவே விளம்பரம். கீபோர்டுக்காரர் மூத்தவர், வங்கியில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை. முதல் வரைவு அவருடையது:

‘முன்னணி மெல்லிசைக் குழுவுக்குத் திறமையும் அனுபவமும் அர்ப்பணிப்பும் உள்ள பேஸ் கிடார் கலைஞர் தேவை. வயது 35-க்குள். சொந்தக் கருவி, சொந்த வாகனம் அவசியம். சீரியஸானவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.’

“சார், மாப்பிள்ளை தேவை விளம்பரம் மாதிரியே இருக்கு. நட்சத்திரம் ஒண்ணுதான் பாக்கி” என்றார் பாடகி.

“முன்னணியா? நாம கடைசியா வாசிச்சது அபார்ட்மென்ட் பொங்கல் விழால. அதுவும் கோலப்போட்டி ரிசல்ட் சொல்ல நடுவுல நிறுத்திட்டாங்க” என்றார் டிரம்ஸ்காரர்.

‘முன்னணி’ அடிபட்டது. அடுத்து ‘சீரியஸானவர்கள்’. இந்தச் சொல்லுக்கு ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள் உண்டு. 1926 முதல் 2000 வரை லண்டனிலிருந்து வந்த ‘மெலடி மேக்கர்’ இதழின் கடைசிப் பக்கங்களில் ‘டிரம்மர் தேவை’, ‘பாடகர் தேவை’ என்று வரி விளம்பரங்கள் நிறைந்து கிடக்கும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு எச்சரிக்கை, நேரத்தை வீணாக்குகிறவர்கள் வரவேண்டாம் என்பது. இசையால் பிழைக்கிறவர் அப்படிச் சொல்லலாம். ஞாயிறு சாயங்காலத்தை முட்டை அட்டை அறையில் சந்தோஷமாக வீணாக்கத்தான் மடிப்பாக்கத்து நால்வரும் கூடுகிறார்கள். சேர்ந்து வீணாக்க அவர்களுக்கு ஐந்தாவதாக ஒருவர் வேண்டும்.

வயது வரம்பும் நிற்கவில்லை. 1981 கடைசியில் ‘டிப்பெஷ் மோட்’ என்ற ஆங்கிலக் குழு 21 வயதுக்குட்பட்டவர் தேவை என்று மெலடி மேக்கரில் போட்டது. ஆலன் வைல்டருக்கு அப்போது 22. வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே போனார். 1995 வரை அந்தக் குழுவில் இருந்தார். அவர் நேர்மையாக நடந்திருந்தால் நஷ்டம் குழுவுக்குத்தான்.

அடித்தது போக மிஞ்சியது ‘பேஸ் கிடார் தேவை’ என்ற இரண்டு மூன்று சொற்கள்தான். இதைப் பார்த்து மெட்டல் வாசிக்கிறவரும் வருவார், தேவாலயத்தில் வாசிக்கிறவரும் வருவார். ரசனையைச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சுருக்கமான வழி, பெயர் சொல்வது. 1968-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் டிரம்மர் கேட்டுச் சீட்டு ஒட்டினார் பிரையன் மே. மிட்ச் மிட்செல், ஜிஞ்சர் பேக்கர் மாதிரி வாசிக்கிற ஆள் என்று இரண்டு பெயர்களைக் குறிப்பிட்டார். வேறொரு கல்லூரியில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரோஜர் டெய்லருக்கு நண்பர் வழியாக அந்தச் சேதி போனது. பிற்பாடு ‘குயீன்’ குழுவாக வளர்ந்தது அந்த இருவரின் சேர்க்கைதான். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில், பழைய சாமான் விற்கவும் வாங்கவும் உதவிய ‘ரீசைக்ளர்’ பத்திரிகையில் லார்ஸ் உல்ரிக் என்ற இளம் டிரம்மர் தனக்குப் பிடித்த பிரிட்டிஷ் மெட்டல் குழுக்களின் பெயரைப் போட்டுக் கூட்டாளி தேடினார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வந்தார். ‘மெட்டாலிகா’ பிறந்தது.

இதில் எல்லாரையும் மிஞ்சியவர்கள் பாஸ்டன் நகரத்து ‘பிக்ஸீஸ்’. 1986-ல் பேஸ் வாசிக்க ஆள் கேட்டு அவர்கள் போட்ட விளம்பரத்தில் இரண்டே பெயர்கள். ஒன்று ‘ஹஸ்கர் டூ’, காது கிழிகிற பங்க் குழு. மற்றது ‘பீட்டர், பால் அண்ட் மேரி’, கிடாரை மெல்ல வருடி மூவர் சேர்ந்து பாடும் நாட்டுப்பாடல் குழு. தமிழில் சொன்னால், கானாவும் பிடிக்க வேண்டும், திருப்புகழும் பிடிக்க வேண்டும். இந்த இரட்டை வடிகட்டியைத் தாண்டி வந்தவர் ஒரே ஒருவர்: கிம் டீல். பேஸ் கிடார் கொண்டுவரவில்லை. அதுவரை அவர் அதை வாசித்ததே இல்லை. அவர்கள் வாசித்துக் காட்டிய பாட்டுகள் அவருக்குப் பிடித்திருந்தன. அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது. கருவியை அப்புறம் தேடிக்கொண்டார். அதே குழுவுக்கு டிரம்மர் அமைந்த கதை நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். கிம் டீல் தன் கல்யாண வரவேற்பில் சந்தித்த ஒருவர்தான் அந்த டேவிட் லவரிங். விளம்பரச் செலவே இல்லை.

மடிப்பாக்கத்தில் பெயர் சொல்கிற கட்டம் வந்தபோது கிடார் இளைஞன், “இளையராஜா பிடிக்கணும்னு போடுவோம்ணா” என்றான்.

“தம்பி, அது ‘சாதம் சாப்பிடுறவரா இருக்கணும்’ங்கிற மாதிரி. யாருக்குப் பிடிக்காது?” என்றார் டிரம்ஸ்காரர்.

பெயர் இன்னும் குறுக வேண்டும். ‘மூடுபனி’ (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடுகிற கிடார் பாட்டை எடுத்தால், பேஸ் மட்டும் எங்கெல்லாம் தனியே நடந்து போகிறது என்று கவனித்தவர் வேண்டும். ரஹ்மான் பாட்டு என்றால், அவற்றில் பலவற்றுக்குப் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைச் சொன்னவுடன் ‘ஆமாம்’ என்று முகம் மலர்கிறவர் வேண்டும். இந்த இரண்டையும் எழுதினால் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் கடந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் நின்று படிப்பார்கள், அவர்களுக்குத்தான் விளம்பரம்.

இதற்குள் மணி ஆறு. பாட்டு ஒன்றும் நடக்கவில்லை. பாடகி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வர்றவங்க எப்படி இருக்கணும்னே எழுதிக்கிட்டிருக்கோம் சார். நாம எப்படின்னு ஒரு வரிகூட இல்லையே?”

அங்கேதான் பேனா தயங்கியது. எத்தனை பாட்டு முழுதாக வாசிக்க வரும்? நாற்பது என்று கீபோர்டுக்காரர் ஆரம்பித்தார். எண்ணிப் பார்த்ததில் பதினெட்டு தேறியது. எப்போது கூடுகிறார்கள்? ஞாயிறு நான்கு மணி என்பது பேச்சு, நாலேமுக்கால் என்பது நடப்பு. வருமானம்? போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் கொடுத்தது வேனுக்கும் சவுண்டு செட்டுக்கும் சரியாகப் போனது. நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா? குழுவில் ஒருவருக்கும் தெரியாது. காதால் கேட்டு, கைபேசியில் கார்டு எழுதி வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். ஒவ்வொன்றாக எழுத எழுத ‘திறமை’, ‘அனுபவம்’, ‘அர்ப்பணிப்பு’ மூன்றும் தாமாகவே கழன்று விழுந்தன. பதினெட்டுப் பாட்டு வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்க எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது.

இப்படி வெளிப்படையாக எழுதி நல்ல பெயர் வாங்கிய விளம்பரமும் உண்டு. 1989-ல் லண்டனின் ‘ஸ்வேட்’ குழு கிடார்காரர் கேட்டபோது, வித்தை காட்டுகிறவர்கள் வேண்டாம், வாசிப்புத் திறமையைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு என்ற பொருளில் எழுதியது. வந்து சேர்ந்த பெர்னார்ட் பட்லருக்கு 19 வயது. திறமை முக்கியமில்லை என்றவர்களிடம் அபாரமான திறமைசாலி ஒருவர் வந்து மாட்டினார்.

சரி, வந்தவரை எப்படிச் சோதிப்பது? 1970-ல் ‘ஜெனிசிஸ்’ குழு டிரம்மர் தேடியபோது, சர்ரேயில் பீட்டர் கேப்ரியேலின் பெற்றோர் வீட்டில் தேர்வு நடந்தது. ஃபில் காலின்ஸ் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டார். முறை வரும்வரை அங்கிருந்த நீச்சல் குளத்தில் நீந்தச் சொன்னார்கள். தண்ணீரில் கிடந்தபடியே, முன்னால் வந்தவர்கள் வாசித்ததையெல்லாம் அவர் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டார். அவர் உட்காரும்போது பாட்டு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டிருந்தது.

மடிப்பாக்கத்தில் குளம் கிடையாது; குடிநீரே லாரியில் வருகிறது. தேர்வு என்ற சொல்லும் வேண்டாம் என்று முடிவானது. மூன்று ஞாயிறு வந்து வாசித்துப் பார்க்கட்டும். முதல் ஞாயிறு எல்லாரும் நல்லவர்கள். இரண்டாவதில் யார் சத்தத்தைக் கூட்டுகிறார் என்று தெரியும். மூன்றாவதில் டீக்குக் காசு யார் எடுக்கிறார் என்று தெரியும். பிடிக்காவிட்டால் அவரும் சொல்லிவிட்டுப் போகலாம். இதைச் சொன்னபோது டிரம்ஸ்காரர் சிரித்தார்: “நாலாவது ஞாயிறு நம்மள யாரு சேத்துப்பாங்கன்னு பாக்கணும்.”

அந்தச் சிரிப்போடு பேச்சு புணேவுக்குப் போனவரிடம் திரும்பியது. அவர் பெரிய வாசிப்பாளர் அல்ல. வேகமான பாட்டில் விரல் பின்தங்கும். சில இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்று வாசித்துச் சமாளிப்பார். ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நால்வருக்கும் போன் செய்து “நாளைக்கு வர்றீங்கள்ல?” என்று கேட்டது அவர். டிரம்ஸ் பெட்டிகளை மாடி ஏற்றத் தோள் கொடுத்தது அவர். கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்து, இந்தச் சத்தத்துக்கு ஒரு வருட அனுமதி வாங்கி வந்ததும் அவர்தான். நாலு கம்பியை யாராவது வந்து மீட்டிவிடுவார்கள். இந்த வேலைகளுக்கு எந்தப் பத்தியில் விளம்பரம் கொடுப்பது?

டப்ளினில் 1976 செப்டம்பரில் இதே மாதிரி நடந்தது. மவுன்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 14 வயது லாரி மல்லன், குழு ஆரம்பிக்க ஆள் தேவை என்று சீட்டு ஒட்டினான். அந்த மாதம் 25-ஆம் தேதி அவன் வீட்டுச் சமையலறையில் டிரம்ஸைச் சுற்றிப் பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் ஆடம் கிளேட்டனிடம் பேஸ் கிடார் இருந்தது. வாசிப்பு அவ்வளவாக வராது. ஆனால் இசைக்குழுக்காரர்களின் பேச்சு மட்டும் தண்ணீர்பட்ட பாடு. முறையான மேலாளர் கிடைக்கும்வரை அந்தக் குழுவுக்கு வெளியே பேசி மேடை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். வாசிப்பைப் பிறகு கற்றுக்கொண்டார். அந்தச் சமையலறைக் கூட்டத்திலிருந்து தேறிய நால்வர்தான் ‘யூ2’.

ஏழு மணிக்குக் கடைசி வரைவு எழுந்தது. பாடகியின் கையெழுத்து:

‘மடிப்பாக்கத்தில் ஞாயிறு மாலை கூடி வாசிக்கிறோம். நால்வர், பதினெட்டுப் பாட்டு, பாதி இளையராஜா, மீதி ரஹ்மான். பேஸ் கிடார் வாசிப்பவர் வெளியூர் போய்விட்டார். காசு வராது, டீ வரும். ஆம்ப் இருக்கிறது, கருவி இல்லாவிட்டாலும் கிடார் தெரிந்தவர் வரலாம். நொட்டேஷன் வேண்டாம். மூன்று ஞாயிறு வாசித்துப் பார்த்தபின் பேசிக்கொள்வோம். மாடிப்படி செங்குத்து; பெட்டி தூக்க வேண்டியிருக்கும். தொடர்புக்கு:’

அதற்கப்புறம் எண் எழுத வேண்டும். யாருடைய எண்? கூப்பிடுகிறவர்களிடம் பேச வேண்டும். ஒத்துவராதவரிடம் அவர் மனம் நோகாமல் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். கீபோர்டுக்காரர் வங்கியில் கடன் மறுத்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்யமாட்டேன் என்றார். டிரம்ஸ்காரர் நாளெல்லாம் டாக்டர் வாசலில் காத்திருப்பவர். போனை எடுக்க முடியாது. பாடகி தன் எண்ணைப் பொதுவில் போட விரும்பவில்லை. கிடார் இளைஞனுக்கு யாரிடமும் ‘இல்லை’ சொல்ல வராது. அவனை விட்டால் ஒரு மாதத்தில் ஐந்து பேஸ்காரர்கள் மாடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கீபோர்டுக்காரர் கைபேசியை எடுத்துப் புணேக்காரரைக் கூப்பிட்டார். “ஒண்ணுமில்லப்பா, ஒரு விளம்பரம் போடுறோம். உன் நம்பரையே குடுத்துடலாமா?”