ஜிப்பா, வெல்க்ரோவா?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டித்தான் என் தையல் மிஷின் ஓடுகிறது. கேபின் படுக்கைக்கு உறை, ஜன்னலுக்குக் கொசுவலை, டிரைவர்கள் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் போர்வைப் பை என்று தைப்பேன். இப்போது கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் டென்ட் போட்டுத் தங்கப் போகிற பிள்ளைகளும் ஸ்லீப்பிங் பேக் கேட்டு வருகிறார்கள். துணியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜிப் வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள், சட்டென்று பிரித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்பதுதான் பெரும்பாலோர் சொல்வது. நான் சம்மதிப்பதில்லை. படுக்கிற பைக்கு ஜிப்தான் வேண்டும்.

வெல்க்ரோவில் ஒரு பட்டி முள், மறு பட்டி பஞ்சு. 1941-ல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த காட்டுக் காய்களைப் பார்த்து யோசித்தது அது. நம் வரப்பில் நடந்தால் நாயுருவி வேட்டியில் ஏறிக்கொள்கிறதே, அதே பிடிதான். அந்தப் பிடிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பட்டியையும் ஒட்டவைத்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் பிடித்து நிற்கும். ஓர் ஓரத்தை மட்டும் நகத்தால் தூக்கினால் வரிசை வரிசையாக விட்டுக்கொடுத்து முழுவதும் உரிந்து வந்துவிடும். தூங்குகிற மனிதன் நேராகப் படுப்பதில்லையே. முழங்காலை மடக்குகிறான், புரண்டு படுக்கிறான். மடங்கிய முழங்கால் பட்டியை வளைத்து ஓரத்தை மேலே தூக்கும். அங்கே தொடங்குகிற பிரிவு விடிவதற்குள் இடுப்பு வரை வந்துவிடும். பட்டியை அகலமாக வைத்தாலும் தூக்குவது நிற்காது. பை விறைத்து, சுருட்ட முடியாமல் போவதுதான் மிச்சம்.

சத்தமும் ஒரு தொந்தரவு. கேபினில் இரண்டு பேர் தூங்குவார்கள். சங்ககிரிக்காரர் ஒருவர் கடையில் வாங்கிய வெல்க்ரோ பையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். “அண்ணா, கிளீனர் பையன் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சாலும் எனக்கு முழிப்பு வந்துருதுங்க. அப்புறம் எங்கிங்க தூக்கம்?” என்றார். மறுநாள் விடிய விடிய வண்டி ஓட்ட வேண்டிய மனிதர். அவருடைய அரைமணித் தூக்கம் எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் லோடு ஏற்றுகிற வண்டிக்குள் பஞ்சுத் துகள் வராமல் இருக்காது. கோழித்தீவனம் ஏற்றினால் தவிட்டுத் தூசி, சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் மாவு. முள் பட்டி இதையெல்லாம் வாரிக்கொள்ளும். முள்ளின் வளைவுக்குள் நூல் சிக்கி அடைத்தபிறகு பஞ்சுப் பட்டிக்குப் பிடிக்க இடமிருக்காது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசிமுனையால் ஒவ்வொரு நூலாக எடுத்தால் பாதிப் பிடி திரும்பும்.

ஜிப்பில் இழுப்பு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டபின் துணியை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓரத்திலிருந்து உரிக்க முடியாது. திறக்க ரன்னர் வந்தாக வேண்டும். கிடியன் சுந்த்பேக் 1917-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. நான் வாங்குவது நைலான் சுருள் ஜிப். ஒரே நீள இழையைச் சுருட்டி டேப்பில் தைத்திருப்பார்கள். கால்மாட்டு வளைவில் அழகாகத் திரும்பும். நடுவில் பிளந்துகொண்டாலும் ரன்னரைப் பின்னால் கொண்டுபோய்த் திரும்ப இழுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். தனித்தனிப் பல் வைத்த பிளாஸ்டிக் ஜிப்பில் ஒரு பல் போனால் அதோடு சரி. உலோக ஜிப் துருப்பிடிக்கும், மலைக்குளிரில் உடம்பில் பட்டால் சில்லிடும். சுருளில் 5-ஆம் நம்பர் போதும் என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் இழுக்கிற கைக்கு 8-ஆம் நம்பர்தான் தாங்கும்.

தைப்பதில் இரண்டு காரியங்களை விட்டுவிடக் கூடாது. பருத்தித் துணியை முதல்நாளே நனைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி சுருங்கும், ஜிப் டேப் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே ஜிப் அலையலையாக நெளிந்து ரன்னர் திணறும். அடுத்தது, ஜிப்பின் உட்பக்கம் நெடுக ஒரு விறைப்பான நாடா. துணி ரன்னரின் வாய்க்குள் போகாமல் அது தள்ளிப் பிடிக்கும். ஜிப் துணியைக் கடிக்கிறது என்று சொல்கிறவர்களின் பையைத் திருப்பிப் பார்த்தால் இந்த நாடா இருக்காது.

ரன்னர் இரண்டு வைப்பேன், தலைமாட்டிலிருந்து ஒன்று, கால்மாட்டிலிருந்து ஒன்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு 1,515. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் ஒரே ராத்திரியில் கீழேயும் மேலேயும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். கீழே படுக்கும்போது கால்பக்கம் திறந்துவிட்டால் காற்று வரும். வெல்க்ரோவை அப்படிப் பாதி திறந்து வைத்தால் திறந்த முள் காலைப் பிறாண்டும், போர்வையின் நூலை இழுக்கும். மலைக்குப் போகிற பையில் ஜிப்பின் பின்னால் பஞ்சடைத்த குழாய்போல ஒரு மடிப்பு ஓடவேண்டும். பல்லின் இடுக்கு வழியாகத்தான் குளிர் நுழையும்.

வெல்க்ரோ எனக்கு வேண்டாத பொருள் இல்லை. கேபின் ஜன்னல் கொசுவலைக்கு வேறெதையும் வைக்க மாட்டேன். வலைமேல் யாரும் புரளப் போவதில்லை. காற்றின் அழுத்தம் நாலு ஓரத்துக்கும் பரவி, பட்டியைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. சட்டத்தில் பஞ்சுப் பட்டி, வலையில் முள் பட்டி. மூலையைப் பிடித்து உரித்தால் துவைக்க வந்துவிடும். வெயிலில் நைலான் சீக்கிரம் நைந்துபோகும், நனைந்தால் பிடி தளரும், ஆகவே பாலியெஸ்டர் பட்டியாகப் பார்த்து வாங்குவேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது, இனி வலை எதற்கு என்கிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் படுத்தால் ஏசி எங்கே ஓடும்? கண்ணாடியை இறக்கத்தான் வேண்டும்.

பையிலும் கழுத்தருகே இரண்டு அங்குலம் வெல்க்ரோ வைக்கிறேன், ரன்னர் தானாக இறங்காமல் பிடிக்க. முகத்தை ஒட்டிய பக்கம் பஞ்சுப் பட்டி. மூலைகளை வட்டமாக வெட்டிவிடுவேன், கன்னத்தில் குத்தாது, அங்கிருந்து உரியவும் செய்யாது. திறந்திருக்கும்போது முள்ளை மூடிவைக்கப் பக்கத்திலேயே இன்னொரு பஞ்சுத் துண்டு.

துவைக்கும்போது இரண்டையும் மூடிப் போடுங்கள். ஜிப் கூடவில்லை என்று பையைக் கழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் பல் நன்றாக இருக்கும், ரன்னரின் வாய்தான் தேய்ந்து அகன்றிருக்கும். குறடால் இரு பக்கமும் மெல்ல நெரித்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அதே நம்பர் ரன்னர் கடையில் தனியாகக் கிடைக்கும். ஓரத்துத் தையலை இரண்டு அங்குலம் பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.