பனி காணப் புறப்படுமுன்

மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பதும் பனி. இமயத்து முகட்டிற் கிடப்பதும் பனி. நம் பிள்ளைகள் முதலாவதை மிதித்து நடந்தவர்கள். இரண்டாவதைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். "அப்பா, அதைக் கையிலை எடுத்தாற் சுடுமோ, குளிருமோ?" என்று என் இளைய மகள் ஒருநாள் கேட்டாள். நானும் தொட்டறியாத பொருளுக்கு என்ன மறுமொழி சொல்வேன்? அன்று தொடங்கிய சீட்டுப் பணம் இரண்டாண்டில் எங்கள் பயணச் செலவாயிற்று.

நுவரெலியாவிலும் தை மாதக் கடுங்குளிரிற் புல்வெளி வெளுப்பதுண்டு. ஆனால் அது நிலத்தில் உறையும் பனி, வானிலிருந்து பொழிவதன்று. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். நிலநடுக்கோட்டுக்கு இத்துணை அண்மையில், பனி பொழிந்து நிலைப்பதற்கு அவ்வுயரம் போதாது. ஆகவே நமக்கு அண்மையிலுள்ள பனிமலை இமயமே.

எப்போது செல்வது? நம் பள்ளி விடுமுறை வழமையாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருவது. ஆகஸ்டில் அங்கே மழையும் மண்சரிவும். டிசம்பர் இறுதியிற் சனக்கூட்டம் பெருகும். விடுதிக் கட்டணம் ஏறும். பனி விழுமென்ற உறுதி மட்டும் இராது. ஏப்ரலின் முற்பகுதியில் மணாலி நகரத்துப் பனி கரைந்துவிட்டாலும், அதற்கு மேலே எஞ்சிக் கிடப்பது வழக்கம். ஆதலால் ஏப்ரலையே தேர்ந்தோம்.

முன்னெல்லாம் 3,978 மீற்றர் உயரமுள்ள ரோதாங் கணவாய் குளிர்காலத்தில் மூடப்பட்டு, அப்பாலுள்ள லாகௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் தனித்துக் கிடக்கும். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர் அந்நிலை மாறியது. மலையைக் குடைந்து செல்லும் 9 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் மறுபுறத்திலே, 3,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், சிஸ்ஸு என்னும் சிற்றூர் உண்டு. அதுவே எங்கள் இலக்கு.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம்; அங்கிருந்து டில்லிக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீற்றர் புகையிரதம், இரண்டு இரவும் ஒரு பகலும்; பின்னர் மணாலிக்கு ஓரிரவு அரசாங்க பஸ். இந்திய விசாவையும் புகையிரத இருக்கையையும் முற்கூட்டியே பெற்றுவிட வேண்டும். கனத்த அங்கியையும் றப்பர்ச் சப்பாத்தையும் விலைக்கு வாங்குவது வீண். மலைக்குச் செல்லும் வழியிலேயே நாள்வாடகைக்குத் தருவார்கள். கம்பளிக் காலுறையும் உள்ளாடையும் மட்டும் கையோடு கொண்டு சென்றாற் போதும். உயரத்திலே தலைவலியும் மூச்சிரைப்பும் தோன்றக்கூடும். பிள்ளைகளை ஓடவிடாது, மணாலியில் ஒருநாள் தங்கி உடலைப் பழக்கிய பின் ஏறுவது நன்று.

இத்துணை கணக்குப் பார்த்த நான் ஓரிடத்திலே தவறவிருந்தேன். மலையில் ஒரு நாள் மேலதிகமாய்த் தங்குவது வீண்செலவென்று அதை வெட்டினேன். மனைவி தடுத்தாள். "இஞ்சாருங்கோ, பனி என்ன கடைச் சாமானே, காசைக் குடுத்தவுடனை எடுத்துத் தர? வேறை எதையெண்டாலும் குறையுங்கோ, அந்த ஒரு நாளைத் தொடாதேங்கோ" என்றாள். அரை மனத்துடன் இசைந்தேன்.

சிஸ்ஸுவுக்குப் புறப்பட்ட காலையிற் பொலிசார் வண்டிகளை மறித்தனர். இரவு மலையிலே புதுப்பனி விழுந்ததாம், வழி திறக்கவில்லை. மூத்தவன் பேசாது திரும்பி நடந்தான், இளையவள் அழுதாள். அன்று செலவில்லாமல் வசிஷ்ட் கிராமத்துக் கோயிலருகே வெந்நீரூற்றிற் குளித்தோம். திருகோணமலைக் கன்னியாக் கிணறுகளின் நினைவு வந்தது. ஆனால் பிள்ளைகளின் முகம் தெளியவில்லை. என் கணக்கின்படி நடந்திருந்தால் அன்றிரவே நாங்கள் டில்லிக்குப் பஸ் ஏறியிருப்போம்.

மறுநாள் வழி திறந்தது. சுரங்கத்தின் இருளும் விளக்கொளியும் கடந்து வெளியேறியதும் கண் கூசிற்று. மலை, வயல், கூரை யாவும் ஒரே வெண்மை. இளையவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளினாள். சிறிது நேரம் பொத்திப் பிடித்திருந்து, பின்னர் சிவந்த உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள்.

"முதலிலை குளிருது, பிறகு சுடுது, அப்பா."

இரண்டாண்டுக்கு முன் கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டுவிட்டாள். பனி காணப் புறப்படும் குடும்பத்தினர் உணவிலே சிக்கனம் பிடிக்கலாம், விடுதியிலே பிடிக்கலாம், வாகனத்திலும் பிடிக்கலாம். வானத்துக்கென ஒதுக்கிய அந்த ஒரு நாளில் மட்டும் கைவைக்க வேண்டாம்.