யார் பெற்ற பிள்ளை இந்த விமானம்?

நெய்வேலியில் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு தொடக்கக் கதை கிடைக்கும். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது பழுப்பு நிறத்தில் என்னவோ வந்தது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒப்பிக்கும். அந்தப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும் நிறுவனம் பிறந்தது 1956. மண் வெட்டும் ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன, முதல் அனல்மின் நிலையத்துக்குத் துணை நின்றது சோவியத் நாடு. ஆளும் ஆண்டும் தெரியாத பொருளே இல்லை என்கிற ஊரில் இருந்துவிட்டு, பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன் வெட்டி ஒட்டும் ஃபோம் விமானத்துக்கு மட்டும் மூலம் தெரியவில்லை என்றால் மனசு ஒப்பவில்லை.

பொறியியல் படிக்கிற பையன். ஏ4 தாள்களாக அச்செடுத்த வரைபடத்தை செல்லோடேப்பால் ஒட்டி, ஃபோம் ஷீட்டின் மேல் விரித்து, பிளேடால் வெட்டுவான். இறக்கை ஒரு தட்டை, உடம்பு இரண்டு தட்டை, வால் ஒரு தட்டை, அவ்வளவுதான். சுக்கானை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவிலிருந்து வாலுக்குப் போகிற கம்பி சைக்கிள் ஸ்போக்ஸ். சுக்கானில் கம்பியை மாட்டும் கொம்பு, காலாவதியான ஏடிஎம் கார்டில் வெட்டியது. ஒட்டுவதற்கு ஹாட் குளூ. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விழுந்தால் இந்த ஃபோம் கரைந்து குழியாகிவிடும். எல்லாம் சேர்ந்து நானூறு கிராம்.

“யாருப்பா வரைஞ்சது இதை?” என்றேன்.

“தெரியாது அங்கிள். எல்லாரும் இதைத்தான் கட்டுறாங்க.”

முதலில் நான் கையில் எடுத்தது மோட்டாரை. காரணம், நிறுவனத்தில் என் பிழைப்பே மோட்டார் ரீவைண்டிங். ஏ2212 என்று போட்டிருந்தது. ஸ்டேட்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சின்ன கிளிப்பைக் கழற்றி மேல்கூட்டை இழுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஷாப்புக்கு வரும் மோட்டார்களில் ரோட்டர் உள்ளே சுற்றும். இதில் சுருள் நடுவில் சும்மா நிற்க, காந்தம் பதித்த வெளிக்கூடு சுற்றுகிறது, நம் வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி. எண்ணிப் பார்த்தேன். ஸ்டேட்டரில் பன்னிரண்டு பல், கூட்டில் பதினான்கு காந்தம். காந்தப்புலம் ஏழு முறை சுற்றினால் கூடு ஒரு முறைதான் சுற்றும். கியர் இல்லாமலே கியர் வைத்த இழுவை. பெரிய புரொப்பெல்லரை நேராக மாட்டிவிடலாம்.

இந்தப் பன்னிரண்டும் பதினான்கும்தான் எனக்குக் கிடைத்த முதல் தடயம். 2000-ஐ ஒட்டி லூகாஸ், ரெட்ஸ்பாக், கூஃபுஸ் என்று மூன்று ஜெர்மன் பொழுதுபோக்காளர்கள் இதே கணக்கில் மோட்டார் சுற்றியிருக்கிறார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்தை வைத்து எல்.ஆர்.கே. என்று அதைச் சொல்கிறார்கள். அதே சமயத்தில் இன்னொரு கூட்டம், பழைய சிடி-ராம் டிரைவ்களை உடைத்து உள்ளே தட்டைச் சுற்றும் மோட்டாரை எடுத்து, தடித்த கம்பியில் மறுபடி சுற்றி, வலுவான காந்தம் ஒட்டி, விமானத்தில் வைத்துப் பறக்கவிட்டது. ஆகக்கூடி, இன்று சீனத்திலிருந்து கூரியரில் சில நூறு ரூபாய்க்கு வருகிற மோட்டாரின் வம்சம் ரீவைண்டிங்காரர்களின் வம்சம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

மோட்டார் ஆயிற்று. ஃபோம்?

வரைபடத்தின் மூலையில் ‘டெப்ரான் 6 மி.மீ.’ என்று இருந்தது. அது ஐரோப்பாவில் சுவருக்கும் தரைக்கும் அடியில் குளிர் தாங்க விரிக்கிற ஷீட். அதன் ஜாதியைத் தேடினால் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் போய் நிற்கிறது. ரே மெக்கின்டயர் என்ற ஆய்வாளர் ரப்பர் மாதிரி வளைகிற மின்காப்புப் பொருள் ஒன்றைத் தேடி, ஸ்டைரீனோடு ஐசோபியூட்டிலீனைக் கலந்தார். அது வாயுவாகி உள்ளே குமிழிட்டு, தேடாத ஒன்று உப்பி வந்தது. 1942-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதை உயிர்காப்புத் தெப்பத்துக்கு எடுத்துக்கொண்டது. பறப்பதற்கென்று யாரும் அதைச் செய்யவில்லை.

ரிமோட் விமானத்தின் பழைய வரலாறு வேறு பாதை. 1937-இல் அமெரிக்காவின் கலமசூவில் வால்டர், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் எட்டடி இறக்கை வைத்த ‘கஃப்’ என்ற மாடலை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார்கள். மரச்சட்டம், பெட்ரோல் இன்ஜின். அந்தப் பரம்பரையின் கடைக்குட்டி ஒருவரை நகரியத்திலேயே பிடித்தேன், ஓய்வுபெற்ற என் மூத்த சகா. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர். கல்கத்தா ரஸ்ஸல் தெருவில் இருந்த இந்தியாஸ் ஹாபி சென்டர் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. பால்சா கிட், ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுகிற குட்டி டீசல் இன்ஜின். ரேடியோ வாங்க வசதி ஏது? இரண்டு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை சுற்றச் சுற்ற வட்டத்தில் ஓட்டுகிற கண்ட்ரோல் லைன்தான். “ஒரு இறக்கை முடிக்க ஒரு மாசம் ஆகும்யா. விழுந்தா ஒரு நிமிஷம்,” என்றார். ஃபோம் விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இறக்கைக்கு வயிறே இல்லையே, இது எப்படி எழும்பும்?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. இறக்கையின் மேற்புறம் வளைந்திருக்க வேண்டும் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் எடை நானூறு கிராம், வேகம் சைக்கிளை விடக் கொஞ்சம் கூடுதல் என்கிற அளவில் தட்டைப் பலகையே போதும். மூக்கைச் சற்றுத் தூக்கினால் முன்விளிம்பில் காற்று பிய்ந்து, சுருண்டு, மறுபடி பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. தட்டைக்கு மேலும் கீழும் ஒன்றே என்பதால் மல்லாந்தும் அதே மாதிரி பறக்கும். எடையைப் போல இரண்டு மடங்கு இழுவை மோட்டாரில் இருந்தால், இறக்கையே வேண்டாம் என்கிற நிலை: விமானம் வாலைத் தரைக்குக் காட்டி, புரொப்பெல்லரில் தொங்கி நிற்கும். அப்போது காற்றோட்டம் என்று இருப்பது புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற காற்று மட்டுமே. அதைப் பிடித்துத் திருப்பத்தான் இறக்கையில் பாதி அகலத்துக்கு அய்லரான் என்கிற அசையும் மடிப்பு, வாலின் அசையாத பகுதியைவிடப் பெரிய சுக்கான். பார்க்கக் கோணலாக இருக்கிற அளவெல்லாம் கணக்கோடுதான் இருக்கிறது.

வித்தை காட்டும் புத்தி எங்கிருந்து வந்தது என்றும் ஒரு நடை தேடினேன். 1913 செப்டம்பரில் கீவ் நகரில் பியோத்தர் நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய ராணுவ விமானி உலகில் முதன்முதலாக வானில் முழு வட்டம் அடித்தார். அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று அவரைக் கைது செய்தார்கள். பொதுத்துறை ஊழியன் என்ற முறையில் அந்த மெமோவின் வாசகத்தை என்னால் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. பிறகு அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

மோட்டார், எடை குறைந்த லிபோ பேட்டரி, சுவர் ஃபோம், வித்தை எல்லாம் ஒரே இடத்தில் கூடியது 2000-களின் தொடக்கத்தில். ஜெர்மனியின் இகாரஸ் நிறுவனம் ‘ஷாக் ஃப்ளையர்’ என்று ஒரு தட்டை விமான கிட்டை விற்றது. கூடைப்பந்து அரங்குக்குள்ளேயே பறக்கக்கூடியது. பையனின் வரைபடத்தை அதன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜாடை அப்படியே இருந்தது. ஆனால் அதுதான் இது என்று சொல்லிவிட முடியாது. வால் வேறு, நீளம் வேறு. நடுவில் எத்தனை கைகள் பட்டிருக்கின்றனவோ, ஒவ்வொன்றும் ஒரு கோட்டையாவது நகர்த்தியிருக்கிறது.

அந்த நகர்த்தலை நெய்வேலியிலேயே பார்த்தேன். இங்கே டெப்ரான் எளிதில் அகப்படாது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு. எடை கூடுதல். அதிலும் வால் பக்கம் நீண்ட கை என்பதால் அங்கே ஏறுகிற ஒவ்வொரு கிராமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கும், விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். பையன் வாலில் மட்டும் காகிதத்தை நனைத்து உரித்தான். அதுவும் போதாமல் மூக்கை இரண்டு சென்டிமீட்டர் நீட்டி, பேட்டரியை முன்னால் தள்ளினான். மத்தியானத்துக்கு மேல் கடலூர் பக்கமிருந்து வீசுகிற காற்றில் இறக்கை முறுக்கிக்கொள்கிறது என்று, குறுக்கே கார்பன் குச்சி ஒன்றும் பதித்தான். சுரங்கமும் அனல்மின் நிலையமும் விமானத்தளமும் இருக்கிற ஊர் என்பதால் இஷ்டப்பட்ட இடத்தில் பறக்கவிட முடியாது. 2021 டிரோன் விதிகளின்படி வெளியிடும் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் விடியற்காலையில் வண்டியை எடுப்பான்.

ஏ4 தாள்கள் கிழிந்து போனதால், இப்போது அந்த மாற்றங்களோடு பழைய காலண்டர் அட்டையில் அச்சு வெட்டி வைத்திருக்கிறான். போன வாரம் அவன் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் வந்து அதை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன், “மூக்கு ஏன்டா இவ்வளவு நீளம்?” என்று கேட்டு, அங்கேயே அரை சென்டிமீட்டர் குறைத்து வரைந்துகொண்டான்.