முகத்தின் நிறம்

சிறியதோர் டிஜிட்டல் அச்சகம் நடத்தி வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால மாலையொன்றில் முதியவர் ஒருவர் வந்தார். மறைந்த மனைவியின் முப்பதாம் நாள் நினைவுக்கு 200 அட்டைகள் வேண்டுமென்றார். கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்த பழைய புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். மயிற்கழுத்து நிறச் சேலை. மாநிறமான சிரித்த முகம்.

மறுநாள் அட்டைகளைக் கண்டதும் அவர் வாட்டமுற்றார். "தம்பி, இது அவள் முகமில்லையே!" என்றார். உண்மைதான். முகத்தில் செம்மை படர்ந்து, நிழலெல்லாம் கறுத்துக் கிடந்தது. நானோ, "இயந்திரத்தில் இவ்வளவுதான் வரும், ஐயா" என்று கூறிவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, அட்டைக் கட்டுடன் படியிறங்கினார். புகைப்படம் மேசையிலேயே கிடந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. விடியுமுன் அச்சகத்தைத் திறந்து, இயந்திரத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறம் காட்டுவது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறம் தருவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுதற்கு நிறக்குறிப்புக் கோப்புகள் உள்ளன. 1993-இல் தோன்றிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு இவற்றுக்குப் பொது வடிவம் வகுத்தது. அம்மாற்றம் ஒருமுறையே நிகழ வேண்டும். என் கணினி ஒருமுறை மாற்றி அனுப்ப, இயந்திரம் மீண்டும் ஒருமுறை மாற்றியிருந்தது. இரண்டையும் இயங்கவிட்டவன் நானே.

பிழை அத்துடன் முடியவில்லை. தட்டில் இருந்தது பளபளப்பான ஆர்ட் அட்டை. அமைப்பிலோ சாதாரணத் தாள் என்றிருந்தது. ஈரப்பதம் மாறினால் டோனர் படியும் அளவும் மாறும். மழை தொடங்கிய பின் நான் அளவுச் சரிபார்ப்பே செய்திருக்கவில்லை.

கணினி செய்த மாற்றத்தை நிறுத்தினேன். தாளின் வகையைத் திருத்தினேன். நிறக்கட்டங்கள் கொண்ட சோதனைத் தாளை அச்சிட்டு, கருவியால் அளந்து, இயந்திரத்தைச் செம்மை செய்தேன். பின்னர் புதிய அட்டையையும் புகைப்படத்தையும் 5000 கெல்வின் விளக்கின்கீழ் அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்த மாநிறம் அப்படியே வந்திருந்தது.

புதிய அட்டைகளுடன் அவர் இல்லம் சென்றேன். "பிழை இயந்திரத்தினுடையதன்று, ஐயா, என்னுடையது. ஆயினும் சேலையின் நிறம் முழுதும் வரவில்லை. அவ்வளவு ஒளிர்வான நீலப்பச்சை இந்த மைகளுக்கு எட்டாது" என்று கூறி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அட்டையை நெடுநேரம் நோக்கினார். "சேலை கிடக்கட்டும், தம்பி. முகம் வந்துவிட்டது" என்றார்.

இன்று காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை அளவுச் சரிபார்ப்புத்தான். "இவ்வளவுதான் வரும்" என்ற சொல் நாவில் எழும்போதெல்லாம், நான் செய்ய வேண்டியதைச் செய்தேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.