செய்தறியும் கல்வி

கல்வி இருவகைத்து: கேட்டறிவது ஒன்று; செய்தறிவது மற்றொன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதை அறியாதார் இலர்; எனினும் கல்லூரிகளிற் பெரும்பாலும் நடைபெறுவது முன்னதேயாம். பின்னதன் பெருமையைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய எனக்கு உணர்த்தியது, யான் சற்றும் எதிர்பாராத ஒரு துறை. கணிப்பொறியின் உயிர்நிலையாகிய சிலிக்கன் சில்லுகளை வகுக்கும் கலையே அது. பௌதிக வகுப்பு நண்பரொருவர் சொல்லக் கேட்டு, பின்னர் யானே தேடிப் பயின்றேன்.

முன்னர் அவ்வித்தை பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. பேராசிரியர் கார்வர் மீட் என்பாரும், 2024-இல் மறைந்த லின் கான்வே அம்மையாரும் அதனை மாணாக்கர் கற்கத்தக்க எளிய விதிகளாகச் சுருக்கினர். கோட்டின் அகலம் இவ்வளவிற் குறையலாகாது, இரு கோடுகளுக்கிடையே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்னும் அவ்விதிகள், சீருக்கும் தளைக்கும் நம் யாப்பு நூலார் வகுத்தவற்றை எனக்கு நினைவூட்டின.

1978-இல் கான்வே அம்மையார் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இக்கலையைப் போதித்தார். பருவத்தின் முற்பாதியில் விதிகளைக் கற்ற மாணாக்கர், பிற்பாதியில் தாமே சில்லுகளை வகுத்தனர். அவ்வரைவுகள் ஆர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலை வழியே கலிபோர்னியாவுக்குச் சென்று, ஏறத்தாழ ஆறு வாரங்களில் மெய்யான சில்லுகளாகத் திரும்பின.

இதற்காகும் பொருட்செலவை ஒரு மாணாக்கன் தாங்குவதெங்ஙனம் எனின், பலருடைய வரைவுகளை ஒரே சிலிக்கன் தகட்டில் அமைத்துச் செலவைப் பகிர்ந்தனர். தனியே ஒரு நூல் அச்சிட இயலாத நம் எழுத்துக்கள் இவ்வாண்டு மலரில் ஒருங்கே அச்சேறவில்லையா? அத்தகையதே இதுவும். 1979-இல் 12 பல்கலைக்கழகங்களைச் சார்ந்த 124 பேர் வகுத்த 82 வரைவுகள் இவ்வாறு சேர்க்கப்பெற்று, 29 நாட்களிற் சில்லுகளாயின. நம் நாட்டிலும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த 'சக்தி' என்னும் செயலி 2018-இல் சில்லு வடிவம் பெற்றது.

இம்முறையிற் சிறந்தது யாதெனின், தேர்வுத்தாளிற் குறையுள்ள விடைக்கு ஆசிரியர் இரங்கி ஓரிரு மதிப்பெண் ஈவர். சில்லோ இரக்கம் அறியாது. இணைய வேண்டிய இணைப்பொன்று இணையாதொழியின் அது வாளா இருக்கும். பிழை எங்குளதென வகுத்தவனே தேடல் வேண்டும். அங்ஙனம் தேடிப் பெற்ற அறிவு தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோவதன்று.

நிற்க. வெண்பாவின் இலக்கணத்தைப் பிழையற எழுதி முழு மதிப்பெண் பெறுவோர் நம்முட் பலர். ஒரு வெண்பா இயற்றுவோரோ மிகச் சிலர். நமக்குச் சிலிக்கனும் வேண்டா, தொழிற்கூடமும் வேண்டா. ஏடும் எழுதுகோலுமே அமையும். யாப்பு வகுப்பில் வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு வெண்பா இயற்றி அவைமுன் படித்தல் வேண்டும் என்பது நம் ஆசிரியப் பெருமக்களுக்கு யான் செய்யும் விண்ணப்பம். தளை தட்டுமிடத்தை எங்கள் செவியே எங்களுக்கு உணர்த்தும்.