பூஜை அறையில் ஒரு கையெழுத்து

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் எத்தனை படங்கள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிச் சொல்லி விடுவீர்கள். எந்தப் படம் எந்த வருஷம் வந்தது, எந்த ஜவுளிக் கடைக்காரர் கொடுத்தார் என்பதுகூட ஞாபகம் இருக்கும். ஆனால் அவற்றை எழுதிய ஓவியர் யார் என்று கேட்டால் கொஞ்சம் விழிப்பீர்கள், இல்லையா? வெட்கப்பட வேண்டாம். போன ஆடி மாதம் வரை நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

ஆடிப் பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும் என்று என் அத்தைக்கு நெடுநாள் ஆசை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் வீட்டு மீனாட்சி கல்யாணப் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்து விட்டது. அபசகுனமோ என்று அத்தை கலங்கினாள். படத்தைச் சட்டம் போடுகிறவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் பழைய சட்டத்தைக் கழற்றினார். இத்தனை காலம் மரத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் வெளியே வந்தது. அங்கே பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள்: சி. கொண்டையராஜு, டி. எஸ். சுப்பையா.

"சாமி படத்திலே மனுஷன் பேர் எதுக்கு? அந்த ஓரத்தை நறுக்கிடுங்கோ" என்றாள் அத்தை.

"அவசரப்படாதீங்க அத்தை. ஊருக்குப் போய்விட்டு வந்து முடிவு பண்ணலாம்" என்று நான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் எங்களை இறக்கிவிட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேற்கே நீலமாக மலைத் தொடர். ஊருக்குள்ளே வானளாவ நிற்கும் பதினோரு நிலைக் கோபுரம். பால் சுண்டும் மணம் தெருவிலேயே வந்து கூப்பிடும். பால்கோவா வாங்காமல் இந்த ஊரை விட்டு யாராவது திரும்பியிருக்கிறார்களா?

ஆண்டாள் சந்நிதியில் கூட்டம் நெரிந்தது. தேவியின் இடது கையில் பச்சைக் கிளி. அது மரக் கிளியுமல்ல, பொன் கிளியுமல்ல. மரவள்ளி இலையால் உடல், மாதுளம் பூவால் அலகு என்று தினந்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்றைய கிளி இன்றைக்கு மட்டும்தான். பிறகு அது யாராவது ஒரு பக்தரின் வீட்டுக்குப் பிரசாதமாகப் போய்விடும்.

அதன் பிறகு கண்ணாடிக் கிணற்றைப் பார்த்தோம். பெருமாளுக்கு என்று கட்டிய மாலையை முதலில் தான் சூடிக்கொண்டு, அழகு பொருத்தமா என்று ஆண்டாள் பார்த்துக்கொண்டது இந்தத் தண்ணீரில்தான் என்பார்கள். அத்தை நெடுநேரம் குனிந்து பார்த்தாள். "அந்தக் காலத்திலே போட்டோவா, படமா? தண்ணிதான் படம்!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டிலே தெய்வத்தின் முகத்தைக் காட்டுகிற தண்ணீர் எது? காலண்டர்தான்! அதை எழுதியவர்களின் பெயரையா நறுக்கச் சொன்னோம்?

"அத்தை, சிவகாசி இங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் கோவில்பட்டி. போய் வரலாமா?" என்றேன். கடலை மிட்டாயும் உண்டு என்று சொன்னதும் அத்தை சம்மதித்து விட்டாள்.

பஸ்ஸில் போகும்போது அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் படம் என்றால் அரண்மனைச் சமாசாரம். 1774-ஆம் வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து ஜார்ஜ் வில்லிசன் என்ற ஓவியர் சென்னைக்கு வந்தார். எடின்பரோ நகரத்துக்காரர், ரோமாபுரியில் பயின்றவர். ஆற்காட்டு நவாப் முகமது அலியை ஆடை ஆபரணங்களோடு நிற்க வைத்து ஆளுயரப் படங்கள் எழுதினார். நெல்லைச் சீமைப் பாளையக்காரர்களிடம் வரி கேட்டுச் சண்டை போட்டாரே, அதே நவாப்தான். வில்லிசன் சில வருஷங்களில் நல்ல பணத்தோடு ஊர் திரும்பினார். அந்தப் படங்களை நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் பார்த்திருக்கவே முடியாது. வரி கொடுத்தவர்களுக்குப் படம் கிடைக்கவில்லை!

பிறகு காலம் மாறியது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். 1894-இல் ரவிவர்மா பம்பாய்ப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்து, லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பினார். படம் அரண்மனையை விட்டு வெளியே வந்தது.

கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில்தான் பயின்றார். கையில் வித்தை இருந்தும் மனம் துறவில் சென்றது. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். அங்கும் தூரிகை அவரை விடவில்லை. மகரிஷியின் உருவத்தையே எழுதினார்.

அப்புறம் எங்கே போனார் தெரியுமா? நாடகக் கம்பெனிக்கு! ஆமாம், சீன் எழுத. தர்பார், நந்தவனம், காடு, தெரு என்று மேடைக்குப் பின்னால் திரை திரையாகத் தொங்குமே, அந்தக் காட்சிகளை எழுதினார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராஜு மட்டும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1944-இல் தேவி ஆர்ட் ஸ்டுடியோ உண்டாயிற்று.

பக்கத்திலே சிவகாசி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த ஊர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்த பிறகு காலண்டர் வராமல் இருக்குமா? காலண்டருக்குத் தெய்வங்கள் வேண்டும். அவற்றை எழுதக் கோவில்பட்டியில் ஒருவர் இருந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதுதான் உங்கள் பூஜை அறையின் சரித்திரம்!

மீனாட்சி கல்யாணப் படம் உங்களிடமும் இருந்தால் இப்போது ஒரு முறை பாருங்கள். பெருமாள் தாரை வார்க்கிறார். சொக்கநாதர் கை நீட்டுகிறார். நடுவே மீனாட்சி நாணித் தலை குனிந்து நிற்கிறாள். அந்த நாணத்தைப் பாருங்கள், நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணின் முகம்தான் அது. மேடைக்குத் திரை எழுதிய கை, ஆகவே சபை நிறைந்திருக்கிறது. ஆசிரமத்தில் அமர்ந்த மனம், ஆகவே சாந்தம் குறையவில்லை.

ராஜு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிஷ்யர்களே குடும்பம். சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் என்று ஒரு பரம்பரையே அவரிடமிருந்து கிளம்பியது. பல படங்களில் தம் பெயரோடு சுப்பையாவின் பெயரையும் சேர்த்துப் போட்டார். சிஷ்யன் கலந்த வர்ணத்துக்கும் பெயர் உண்டு என்று நினைத்த குரு அவர். 1976-இல் காலமானார்.

சிவகாசியில் பஸ் நின்றது. அச்சு மையின் வாசனை. ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இந்த ஊர் வழக்கம். ஒரு கடையில் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தோம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வர்ணம் தீட்டி விடுகிறார்கள். ஆனால் தாமரையில் நிற்கும் லக்ஷ்மியின் முகத்தில் அந்தப் பழைய சாயல் இருக்கத்தான் இருக்கிறது. ஓரத்தில் பெயரைத் தேடினேன். பல தாள்களில் அச்சகத்தின் பெயர் மட்டுமே இருந்தது.

கோவில்பட்டியில் கடலை மிட்டாயைக் கடித்தபடி அத்தை கேட்டாள்: "அப்படின்னா கிளி கட்டறவர் பேர் போட்டுக்கறாரா? அவர் கேட்கலையே!"

நல்ல கேள்விதான். நான் சொன்னேன்: "கிளி கட்டுகிற குடும்பம் எது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள் அத்தை. நம் வீட்டில் இத்தனை வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தை யார் எழுதினார் என்று நமக்குத் தெரிந்ததா?"

அத்தை பதில் சொல்லவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் சட்டம் போடுகிறவரிடம் போனோம். அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். "வேண்டாம்ப்பா. ஓரம் தெரியற மாதிரி கொஞ்சம் பெரிய சட்டமாப் போடு. காசு கூடினாலும் பரவாயில்லை" என்றாள் அத்தை. இப்போது மீனாட்சிக்கு நெற்றியில் குங்குமம் வைத்த பிறகு, கீழ் ஓரத்தையும் ஈரத் துணியால் ஒரு தடவை துடைக்கிறாள்.

வருகிற ஜனவரியில் பழைய காலண்டரைக் கழற்றுவீர்கள். சுருட்டிப் பரணில் போடுமுன் ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழே, மூலையில், பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கலாம். இருந்தால் வாய் விட்டுப் படியுங்கள். வருஷம் முழுவதும் உங்கள் வீட்டில் இருந்தவர் அவர்.