ஆவிச் சாடியும் அதன் வம்சமும்

சிரஞ்சீவி வாசுகிக்கு, பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

ஹாங்சோ பொருட்காட்சி சாலையில் நீ கண்ட பச்சைச் சாடியின் தோளெங்கும் மாடங்களும் பறவைகளும் நெருங்கி நிற்பானேன் என்று கேட்டிருந்தாய். அச்சாடியின் முன்னோரிடமிருந்தே தொடங்குகிறேன்.

மரச்சாம்பல் கலந்த பூச்சிட்டுக் கலங்களைக் கடும் உஷ்ணத்தில் சுடும் வித்தையை ஷாங் வம்ச காலத்திலேயே சீனக் குயவர் அறிந்திருந்தனராயினும், கலத்தோடு ஒன்றிச் சீராகப் பளபளக்கும் பச்சை, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், செஜியாங் பிரதேசத்து ஷாங்யூ வட்டாரத்தின் மலைச்சரிவுச் சூளைகளிலேதான் கைகூடிற்று. பிராணவாயு குறைந்த நெருப்பில், ஏறக்குறைய 1200 டிகிரி சூட்டில், பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பே அப்பசுமையைத் தருகிறது. வடக்கே ஹான் சமாதிகளில் கிடைக்கும் பச்சைச் சாடிகள் வேறு ஜாதி; அவற்றின் நிறம், தாழ்ந்த சூட்டில் உருகும் ஈயப் பூச்சில் கலந்த செம்பினால் வந்தது.

ஆதியில் குயவனுக்கு வெண்கலக் கலமே குரு. வளையத்தைக் கவ்விய மிருக முகத்தை, அவ்வளையம் ஒருநாளும் அசையாதென்று அறிந்தும், களிமண்ணில் பக்தியோடு பதித்தான்.

நீ கண்டதோ, 3ஆம் நூற்றாண்டில் வூ நாட்டிலும், பின்னர் மேற்கு ஜின் ஆட்சியிலும், யாங்சி நதியின் தென்பால் பிரேதங்களோடு புதைக்கப்பட்ட ஆவிச் சாடி. பெருவாய் ஒன்றையும் அதைச் சூழ்ந்த நான்கு சிறுவாய்களையும் உடைய ஹான் காலத்து ஐவாய்ச் சாடியே அதன் தாய்; காலம் செல்லச் செல்லப் பெருவாயின்மேல் மாளிகை எழ, சிறுவாய்கள் பறவைக் கூட்டத்திடையே ஒடுங்கி மறைந்தன. பௌத்தம் அங்கே பரவத் தொடங்கிய காலமாதலால், சிலவற்றில் புத்தர் திருவுருவங்களும் அமர்ந்திருக்கின்றன. பெய்ஜிங் அரண்மனைப் பொருட்காட்சி சாலையிலுள்ள ஒன்று 260ஆம் ஆண்டைத் தன்மீதே தாங்கியிருக்கிறது. இறந்தோருக்கான தானியக் களஞ்சியம் என்பர் சிலர். ஆவி வந்து தங்கும் மனை என்பர் வேறு சிலர். மாடங்களையும் பறவைகளையும் நோக்க, பின்னதையே என் மனம் ஏற்கிறது.

318இல், சடலமின்றி ஆவியை மட்டும் அழைத்து அடக்கம் செய்யும் வழக்கத்தைக் கிழக்கு ஜின் அரசு விலக்கியது. சில ஆண்டுகளுக்குள் இச்சாடிகளும் அருகி மறைந்தன. விலக்கு ஒன்றே காரணமென்று துணிய மாட்டேன். ஆயினும், அதன்பின் வந்த கலங்கள் ஆபரணங்களைக் களைந்து, பழுப்புப் புள்ளிகள் சிலவற்றை மட்டும் ஏற்று, வடிவத்தையும் பூச்சையுமே நம்பி நின்றன. அந்த அடக்கமே என்னை மிகவும் ஈர்க்கிறது. தென் வம்சங்களின் காலத்தில் தாமரை இதழ்கள் சாடிகளின் உடலைத் தழுவின.

நீ சென்ற பொருட்காட்சி சாலையில் சேவல் தலைக் கெண்டிகளும் இருக்கும். முற்பட்டவற்றில் அத்தலை பெரும்பாலும் வெறும் அலங்காரமே. பிற்பட்டவற்றிலேதான் நீர் வார்க்கும் மூக்காயிற்று. அடுத்த முறை செல்கையில் அலகில் துவாரம் உண்டா என்று பார்த்து எழுது.

உன் பெரியப்பா